அதான் பெயிலோவர் இருக்கே

எங்க கம்பெனி ரிப்போர்ட்டுல என் பேரு ஒரே ஒரு தடவதான் வந்திருக்கு. பதினோரு வருஷம் வேலை பாத்ததுக்கு ஒரு தடவை. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுதேன். கேட்டுட்டு, நான் கோவப்படுதது நியாயமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு ஜெபகனி. பாளையங்கோட்டையில வீடு. நான் பாக்கது தண்ணி வேலை. தண்ணியத் தொட்டுப் பாக்கதில்ல, திரையில பாக்கது. தாமிரபரணி ஆத்துக்குள்ள கிணறு எறக்கி, மோட்டார் வச்சு, நாப்பது ஊரு டேங்குக்குத் தண்ணி ஏத்துதாங்க. எந்த மோட்டாரு ஓடுது, எது நிக்கு, எந்த டேங்கு காயுதுன்னு எங்க ஆபீஸ் திரையில பச்சையும் செவப்புமா தெரியும். செவப்பு வந்தா நான் அந்த ஊரு ஆப்பரேட்டருக்குப் போன் போடணும். அவன் ஓடிப்போயி மோட்டாரப் போட்டு விடணும். இவ்வளவுதான். ராத்திரியில மோட்டாரு ஓடாது, அதனால ராத்திரி மட்டும் எனக்குச் சொந்தம். காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி சென்னையில கெடக்கு. இங்கன ஒரு மாடி ரூமு, ஒரு சர்வரு, ஐயம்பெருமாள்னு ஒரு மேனேஜரு, அப்புறம் நான்.

முக்கூடல் பம்பு ஹவுஸ்ல இன்னொரு சர்வரும் உண்டு. அங்க ஆப்பரேட்டரு பெருமாள்ராஜ். என்னை விட பத்து வயசு சின்னவன், வாயத் தொறந்தா எக்கான்னு மட்டும்தான் வரும். நாங்க ரெண்டு பேரும் எவனும் சொல்லிக் குடுக்காம ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். ஞாயித்துக்கிழமை நான் சபைக்குப் போவேன், அவன் அங்கன இருந்து நாப்பது ஊரையும் பாத்துக்கிடுவான். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, எங்க சபையில எல்லாருக்கும் சோறு போடுத அசனப் பண்டிகை, எல்லாம் அவன் கணக்கு. தீபாவளி, பொங்கல், பங்குனி உத்திரத்துக்கு அவன் சாஸ்தா கோயிலுக்குப் போற நாளு, ஆயுத பூஜை, இதெல்லாம் என் கணக்கு. தினமும் காலையில ஆறு மணிக்கு அவன் போன் போடுவான். "எக்கா, இருக்கியளா?"ம்பான். "இருக்கேம்லே"ம்பேன். வச்சிருவான். பதினோரு வருஷத்துல ஒரு டேங்கு காஞ்சதில்ல.

இதுல எனக்கு என்ன நட்டம்னா, எம் மவ ஜெசி. அவ அப்பா எட்டு வருஷத்துக்கு முன்ன தவறிட்டாரு. கல்லறைத் தோட்டத்துல அவருக்கு மண்ணு போட்டுட்டு நிக்கேன், கைப்பைக்குள்ள போன் அடிக்கி. எடுத்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு மோட்டாரு நின்னுட்டு. அங்கன நின்னுக்கிட்டே அந்த ஊரு ஆப்பரேட்டரப் புடிச்சு ஓட விட்டேன். ஜெசிக்கு அப்போ பதினஞ்சு வயசு. அன்னையில இருந்து அவ அந்தப் போனப் பாக்குத பார்வை இருக்கே, எனக்கு ஒரு சக்களத்தி இருந்தா அவளக்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டா.

இப்படி ஓடிக்கிட்டிருந்த வண்டியில, போன வருஷம் ஆடி மாசம் பெயிலோவரு வந்துச்சு.

சென்னையில இருந்து உத்தரவு. ஒரு சர்வரு படுத்தா இன்னொண்ணு தானா எந்திரிச்சு வேலையப் பாக்கணுமாம். அதச் செஞ்சு குடுக்க நித்யான்னு ஒரு பிள்ளை வந்தா. நம்ம மேலப்பாளையம் ரோட்டுப் பிள்ளைதான், கெட்டிக்காரி, பேச்செல்லாம் பணிவு. ஒரு பேப்பர்ல ரெண்டு பெட்டி வரைஞ்சு எனக்கு வெளக்குனா. பாளையங்கோட்டைப் பெட்டிக்கு நம்பர் ஒண்ணு, முக்கூடல் பெட்டிக்கு நம்பர் ரெண்டு. பத்து செகண்டுக்கு ஒருக்கா ஒண்ணு இன்னொண்ணுகிட்ட 'இருக்கியா'ன்னு கேக்கும். அது 'இருக்கேன்'ங்கும். மூணு தடவை பதிலு வரலன்னா, ஒண்ணாவது போயிட்டுன்னு முடிவு பண்ணி ரெண்டாவது பொறுப்ப எடுத்துக்கிடும். செவப்பு வந்தா ஆப்பரேட்டருக்கு அதுவே போன் போட்டுரும், ஆளு உக்கார வேண்டாம். நான் சொன்னேன், இதத்தான் தாயி நானும் முக்கூடல்காரனும் தினம் ஆறு மணிக்குச் செய்யுதோம்னு. அவ சிரிச்சுக்கிட்டே, "அது மேனுவல் மேடம்"னா.

ஏழு தடவை சோதிச்சா. ஒண்ணாவது மெஷின் வயரப் புடுங்குனா, அரை நிமிசத்துல முக்கூடல் முழிச்சுக்கிட்டு. ரெண்டாவதப் புடுங்குனா, ரெண்டைக் காணோம்னு ஒண்ணாவது எல்லாருக்கும் மெசேஜ் விட்டுச்சு. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. ரெண்டும் ஒண்ணா போனா என்ன செய்யும்னு கேட்டேன். முப்பது கிலோமீட்டரு தள்ளி இருக்கு, கரண்ட் லைன் வேற, நெட் வேற, ரெண்டும் ஒரே நாள்ல போக நூறு வருஷத்துல ஒரு தடவைதான் வாய்ப்புன்னு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுனா. படிச்ச பிள்ளை சொல்லுதா. நான் சரின்னுட்டேன்.

ஐயம்பெருமாள் சாருக்கு அந்த வார்த்தை பிடிச்சுப் போச்சு. ஏசி ஓடலன்னு சொன்னா "அதான் பெயிலோவர் இருக்கே"ம்பாரு. டீ கொண்டு வாரவன் வரலன்னாலும் அதேதான். அதுக்கும் ஏசிக்கும் டீக்கும் என்ன சம்மந்தம்னு கேக்க முடியுமா, மேனேஜரு. கடைசியில எங்க ஆறு மணி போனையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. இனி மெஷினும் மெஷினும் பேசிக்கிடும், நீங்க ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசி நேரத்தப் போக்க வேண்டாம்னாரு. ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தை பேசுதது ஊர்க்கதையாம். அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துல ரெண்டு நாளு அவருக்கு வணக்கம் சொல்லல.

இங்கன ஆயுத பூஜை கதையும் சொல்லணும், இல்லன்னா பின்னால வாரது வெளங்காது. வருஷா வருஷம் அன்னைக்கு சாரு குடும்பத்தோட ஆபீசுக்கு வருவாரு. பொரி, சுண்டல், பூசணிக்கா எல்லாம் வரும். மேசை, நாற்காலி, மின்விசிறி, மூலையில கெடக்குத பழைய பிரிண்டரு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். அன்னைக்கு ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும், மறுநாளு விஜயதசமிக்குத்தான் திரும்பத் தொடணும்ங்கது அவங்க முறை. நானும் அதை மதிக்கேன். சர்வரு பக்கம் வரும்போது மட்டும் எந்திரிச்சு நிப்பேன். பக்கவாட்டுல ஒரு பொட்டு வச்சுக்கிடுங்க சார், சுவிச்சுல கை வச்சா நாப்பது ஊருக்கு நீங்கதான் பதிலு சொல்லணும்ம்பேன். அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு பொட்டு வச்சுட்டுப் போயிருவாரு. முக்கூடல்ல பெருமாள்ராஜ் தன் மெஷின அமத்தி, மாலை போட்டு, ரூமப் பூட்டி, வீட்டுக்குப் போயிருவான். நான் இங்கன இருக்கேன்ல, அவனுக்கு என்ன கவலை.

ஜெசிக்கு மாப்பிள்ளை அமைஞ்சது அந்தப் புரட்டாசியிலதான். முக்கூடலுக்கு அந்தப்புறம் விசுவாசநல்லூரு. பையன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கான். அவன் அப்பா ஞானசிகாமணி, தலைமையாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பேசும்போதே நம்ம பேச்சுல தப்பு இருந்தா திருத்துவாரு. மனுசன் நல்லவரு, ஆனா எல்லாம் நேரத்துக்கு நடக்கணும், சொன்னது சொன்னபடி இருக்கணும். நிச்சயத்தை ஆயுத பூஜை அன்னைக்கு வைப்போம்னாரு. நமக்கு அன்னைக்கு ஒண்ணும் கிடையாது, கவர்மெண்ட் லீவு, சொந்தக்காரங்க எல்லாரும் ஊருக்கு வந்திருப்பாங்க, எங்க சபை மண்டபமும் சும்மாத்தான் கெடக்குன்னாரு. எல்லாம் நியாயந்தான். ஆனா பதினோரு வருஷத்துல அந்த நாளு நான் லீவு போட்டதே இல்ல.

லீவு லெட்டர நீட்டுனேன். ஐயம்பெருமாள் சாரு வாசிக்கக்கூட இல்ல. தாராளமா போயிட்டு வாங்க, அதான் பெயிலோவர் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டாரு. பெருமாள்ராஜ்கிட்டயும் நிச்சய விசயத்தச் சொன்னேன். சந்தோசம்க்கா, மனசு நெறஞ்சு போயிட்டு வாங்கன்னான்.

முந்துன நாளு சாயங்காலம் ஜெசி என்கிட்ட கைய நீட்டுனா. போனக் குடும்மா. மோதிரம் மாத்துற நேரத்துல நீ என் பக்கத்துல நிக்கணும், ஒனக்குப் பதிலா போன் நிக்கக் கூடாதுன்னா. அப்பா எடத்துலயும் நீதான நிக்கணும்னா. நான் போன அமத்தி அவ கையில குடுத்தேன். ஒரே ஒரு நாளு. அத எம் மவளுக்குக் குடுக்கணும்னு நான் ஆசைப்பட்டேன், வேற ஒண்ணும் இல்ல.

மறுநாளு பட்டுச்சேலை உடுத்திக்கிட்டு வேன்ல போனோம். சேரன்மாதேவி தாண்டி ஆத்துப்பாலத்துல போகும்போது, கிணத்து மேல இருந்த மோட்டார் ரூமப் பாத்தேன். ஓடுதா நிக்குதான்னு காது தானாப் போவுது. ஜெசி என் தோள்ல ஒரு தட்டு தட்டுனா.

மண்டபத்துல இருநூறு பேரு. சபை குருவை எங்க பக்கம் ஐயர்னு சொல்லுவோம், ஐயரு வந்து ஜெபத்தோட ஆரம்பிச்சாரு. ஞானசிகாமணி சாரு மைக்கப் பிடிச்சு எங்களை அறிமுகம் செஞ்சாரு. பொண்ணோட அம்மா சாதாரண ஆளு இல்ல, நாம வீட்டுல கொழாயத் தொறந்தா தண்ணி வருதுன்னா, அது நாப்பது ஊருக்கும் இந்த அம்மா கண்ணு முழிச்சிருக்கதாலதான்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அந்தப் பெருமை ஒரு பத்து நிமிசம் இருந்திருக்கும்.

சமையல்காரரு பின்வாசல்ல நின்னு கைய ஆட்டுதாரு. ஆட்டுக்கறி வெந்துட்டு, சோத்துக்கு ஒலை வைக்கத் தண்ணி இல்ல. மண்டபத்துத் தொட்டி காலி. ஊரு டேங்குல இருந்து பதினோரு மணிக்கு வர வேண்டிய தண்ணி வரல. கொழாயத் தொறந்தா காத்துதான் வருது. அந்தச் சேதி ஒவ்வொரு வரிசையா காதோட காதா முன்னால வந்துச்சு. ஒவ்வொரு வரிசையும் கேட்டுட்டுத் திரும்பி என்னைப் பாத்தாங்க. கடைசியில ஞானசிகாமணி சாரு காதுக்குப் போச்சு. அவரும் பாத்தாரு. வகுப்புல ஒரு பிள்ளையத் தப்பாப் பாராட்டிட்டமோங்குத பார்வை.

நான் அசையல. எம் மவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். மெஷினு பாத்துக்கிடும், இந்நேரம் பெருமாள்ராஜுக்குப் போன் போயிருக்கும், தண்ணி இப்ப வந்துரும்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். அஞ்சு நிமிசம் ஆச்சு. பத்து நிமிசம் ஆச்சு. மேடையில இருந்த ஜெசி எந்திரிச்சு வந்தா. சேலை மடிப்பக் கையில புடிச்சுக்கிட்டு, கைப்பையத் தொறந்து, என் போன எடுத்து என் மடியில வச்சா. என் மூஞ்சியப் பாக்கல.

"பேசும்மா"ன்னா. "எனக்கும் வேற வழி தெரியல."

மண்டபத்துக்குப் பின்னால வாழைத்தோட்டம். அதுக்குள்ள போயி நின்னு பெருமாள்ராஜுக்குப் போட்டேன். உடனே எடுத்தான். பின்னால டிவியில ஏதோ சிறப்பு நிகழ்ச்சி ஓடுது.

"ஏலே, விசுவாசநல்லூருக்கு ஏத்துத ஒங்க முக்கூடல் மோட்டாரு நின்னுட்டுலே. ஒனக்குப் போன் வரலியா?"

"ஒண்ணும் வரலியேக்கா. என் மெஷினு பூஜையில இருக்கு. ஏழு மணிக்கே அமத்தி மாலை போட்டுட்டேன். அதான் ஒங்க மெஷினு ஓடுதுல்லா?"

"நான் இங்கன இருக்கேன். அது ஓடுதா என்னன்னு யாரு கண்டா?"

அவன் பைய சொன்னான். "அது வேதக்கார மெஷினுக்கா. அதுக்கு ஏது பூஜைன்னு நெனச்சேன்."

கேட்டியளா? பதினோரு வருஷமா எங்க ஆபீஸ் சர்வரு கிறிஸ்தவ மெஷினுன்னு நெனச்சிருக்கான். அவனைத் திட்டக்கூட எனக்கு நாக்கு எழும்பல. ஏன்னா அது உண்மையாத்தான் இருந்துச்சு. நான் முன்னால உக்காந்திருந்த வரைக்கும் அது வேதக்கார மெஷினுதான்.

ஐயம்பெருமாள் சாருக்குப் போட்டேன். மூணாவது தடவை எடுத்தாரு, வாயில சுண்டலோட. ஆமா ஜெபகனியம்மா, இந்த வருஷம் நம்ம சர்வருக்கும் முறையா பூஜை வச்சாச்சு, வருஷம் பூரா ஓடுதது ஒரு நாளு கண்ணு மூடட்டும்னு எட்டு மணிக்கு அமத்திட்டேன், அதான் பெயிலோவர்னாரு. முக்கூடலும் பூஜையில இருக்கு சார்னேன். அந்தப் பக்கம் சுண்டல் மெல்லுத சத்தம் நின்னுச்சு. பெருமாள்ராஜ் ஏழு மணிக்கு அமத்துனப்பவே, ரெண்டைக் காணோம்னு ஒண்ணாவது மெஷினு சாருக்கு மெசேஜ் விட்டிருக்கு. ஆயுத பூஜை வாழ்த்து நாப்பது வந்திருந்துச்சாம், அதுக்குள்ள கெடந்திருக்கு. நித்யாவுக்கும் போயிருக்கு. வீட்டுல இருந்தே சரி பண்ணிருவியாம்மான்னு அவளக் கேட்டேன். என் லேப்டாப்பு பூஜையில இருக்கு மேடம், அம்மா தொட விட மாட்டாங்கன்னு அழுத மாதிரி சொல்லுதா. இந்த நெல்லைச் சீமையில அன்னைக்கு எல்லா ஆயுதமும் ஓய்வு எடுத்துச்சு. செல்போன மட்டும் எவனும் பூஜைக்கு வைக்கல, அந்த மட்டும் தப்பிச்சோம்.

மறுபடியும் பெருமாள்ராஜப் புடிச்சேன். மெஷின விடுலே, கெணத்து மோட்டாருக்குப் போயி கையால போட்டு விடுன்னேன். போறேங்கான், ஆனா ஒரு தயக்கம். வண்டியும் பூஜையில நிக்கி, மாலை போட்டு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சிருக்கு. பொண்டாட்டி பக்கத்துல இருந்து எடுக்காதீங்கன்னு சொல்லுத சத்தம் எனக்கே கேக்குது. அவன் சாமிக்குப் பயந்தவன், அவன முறைய மீறச் சொல்ல நான் யாரு? நான் ஒண்ணுதான் சொன்னேன். எம் மவ மேடையில நிக்காலே. சரிக்கா, போன வச்சிருதேன்னான்.

ஓடியிருக்கான். ரெண்டு கிலோமீட்டரு, வயக்காட்டு வரப்புல, நல்ல வெயில்ல, புது வேட்டியோட. காலத்தான் பூஜைக்கு வைக்கலன்னு பின்னால சொல்லிச் சிரிச்சான். மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு போயி மோட்டாரு காலையிலயே நின்னிருக்கு. கரண்டு எப்பவோ வந்துட்டு, போட்டு விடத்தான் ஆளு இல்ல. மெஷினு ஓடியிருந்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும். அவன் பச்சை பட்டன அமுக்கிட்டு எனக்குப் போன் போட்டான். மூச்சு வாங்குது, பேச்சே வரல. இருக்கியளாக்கான்னான். இருக்கேம்லேன்னேன். எனக்கு அப்பதான் கண்ணு கலங்குச்சு.

டேங்குக்கு ஏறி, டேங்குல இருந்து எறங்கி, கொழாய்க்கு வர நாப்பது நிமிசம். கொழாயில சலசலன்னு சத்தம் கேக்குத வரைக்கும் நான் அந்த வாழைத்தோட்டத்த விட்டு நகரல. தண்ணி வந்ததும் சமையல்காரரு ஒலை வச்சாரு. நான் சேலையில ஒட்டுன சேத்தத் தட்டிட்டு மண்டபத்துக்குள்ள ஓடுனேன்.

மோதிரம் மாத்தி முடிச்சாச்சு. ஐயருக்கு அடுத்து இன்னொரு ஊருல ஜெபம், காத்திருக்க முடியலையாம். ஞானசிகாமணி சாருக்கும் நேரம்னா நேரம். ஜெசிக்குப் பக்கத்துல என் எடத்துல என் நாத்தனா சாரம்மாள் நின்னுக்கிட்டிருந்தா. பாவம், அவளத் தள்ளி விட்டு ஏத்திருக்காங்க. கண்ணத் தொடைச்சுக்கிட்டு, கையில பைபிளோட, தாயா லட்சணமா நின்னா. அன்னைக்குப் பெயிலோவரு சரியா வேலை செஞ்ச ஒரே எடம் அதுதான். அரை நிமிசங்கூட ஆகலையாம்.

ரெண்டரை மணிக்குச் சாப்பாடு. யாரும் கொறை சொல்லல. ஞானசிகாமணி சாரு கை கழுவிட்டு என்கிட்ட வந்தாரு. சம்பந்தியம்மா, இத்தனை வருஷமா தண்ணி வரலன்னா யாருக்குப் போன் போடணும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு, இனிமே அந்தக் கவலை இல்லன்னாரு. மனசாரத்தான் சொன்னாரு. அன்னையில இருந்து கொழாயில தண்ணி கொஞ்சம் மெதுவா வந்தாக்கூடப் போன் போடுதாரு. ரெண்டு சர்வரை விட அவரு வேகம்.

ஜெசி நாலு நாளு என்கூடப் பேசல. நேரத்துக்குச் சோறு போட்டு வைப்பா, சாப்பிடுன்னு சொல்ல மாட்டா. நிச்சயப் போட்டோ வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் சாரம்மாள். நான் ஒரே ஒண்ணுல இருக்கேன், ஜன்னலுக்கு வெளிய, வாழை எலைக்கு நடுவுல, காதுல போன வச்சுக்கிட்டு. அந்தப் போட்டோவ அவ தனியா எடுத்து மேசை மேல வச்சிருந்தா. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல.

அஞ்சாவது நாளு ரிப்போர்ட் வந்துச்சு. சென்னையில கேட்டிருக்காங்க, ஐயம்பெருமாள் சாரே எழுதியிருக்காரு. எனக்கும் ஒரு காப்பி குடுத்தாரு, கையெழுத்துப் போடணுமாம். வீட்டுக்குக் கொண்டு வந்து வாசிச்சேன். சம்பவ நாளன்று இரண்டு சர்வர்களும் திட்டமிட்ட பராமரிப்பில் இருந்தனன்னு எழுதிருக்கு. பொரியும் சுண்டலும் வச்சதுக்குப் பேரு திட்டமிட்ட பராமரிப்பு. பெயிலோவர் அமைப்பில் எந்தக் குறையும் இல்லைன்னு அடுத்த வரி. அதுக்குக் கீழ, மூல காரணம்: ஆப்பரேட்டர் ஜெபகனி பணியில் இல்லாதது. பரிந்துரை: இனி பண்டிகை மற்றும் அரசு விடுமுறை நாட்களில் அவருக்கு விடுப்பு வழங்கலாகாது.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அந்தப் பேப்பரக் கிழிக்கப் போனேன். ஏன்னா ஜெசி கல்யாணத்த மாட்டுப் பொங்கல் அன்னைக்கு வச்சிருக்கு. அதுவும் ஞானசிகாமணி சாரு பாத்த நாளுதான், லீவு, எல்லாரும் ஊருல இருப்பாங்க. நிச்சயத்துலதான் என் எடத்துல சாரம்மாள் நின்னா. கல்யாணத்துலயும் அவதான் நிக்கணுமா? அப்போ நான் எதுக்குப் பெத்தேன்? சத்தம் போட்டே சொல்லிட்டேன் போல. ஜெசி அடுப்படியில இருந்து வந்து பேப்பர வாங்கிப் படிச்சா. ஒருக்காப் படிச்சா, திரும்பவும் படிச்சா. அப்புறம் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே தரையில உக்காந்துட்டா.

"நீ இல்லன்னா நாப்பது ஊருக்கும் தண்ணி கெடையாதுன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்கம்மா"ன்னா. "அப்பா அடக்கத்துல இருந்து நான் ஒன்ன இதுக்குத்தான திட்டுதேன். நீ இல்லாம ஓடாதுங்குதது பொய்யில்லன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

அதச் சொல்லும்போது அவ சிரிக்கல. நானும் கீழ உக்காந்தேன். ரெண்டு பேரும் அழுதோம், பொய் சொல்ல என்ன இருக்கு. அப்புறம் அவளே எந்திரிச்சு, ஒரு வெள்ளைப் பேப்பரு எடுத்து, லீவு லெட்டர அவ கையெழுத்துல எழுதுனா. எம் மவளுக்கு அவ மாமனாரு புத்தி இப்பவே வந்துட்டு.

மறுநாளு அத சாரு மேசையில வச்சேன். பின்னால ரிப்போர்ட் காப்பியும் குத்தியிருந்துச்சு. சாரு வாசிச்சுட்டு, இதுல லீவு குடுக்கக் கூடாதுன்னு நானே எழுதிருக்கனேம்மான்னு இழுத்தாரு. சரி சார், குடுக்க வேண்டாம், காரணத்த மட்டும் சென்னைக்கு எழுதிருங்கன்னேன். ரெண்டு சர்வரு வாங்கி, ஏழு தடவை சோதிச்சு, எந்தக் குறையும் இல்லாத பெயிலோவரும் வச்சிருக்கோம், ஆனா ஒரு பொம்பளை தன் மவ கல்யாணத்துக்குப் போனா நாப்பது ஊரு காஞ்சிருமுன்னு எழுதுங்கன்னேன். அவரு பேனாவத் தொறந்தாரு, மூடுனாரு. ஜன்னலப் பாத்தாரு. தொறந்து கையெழுத்துப் போட்டாரு.

நான் வாசலுக்கு வரும்போது பின்னால இருந்து கேட்டாரு, கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு.

"அன்னைக்கு யாரும்மா பாத்துக்கிடுவாங்க?"

"அதான் பெயிலோவர் இருக்கே சார்"னேன்.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாளு இருக்கு. எனக்குச் சேலை எடுத்தாச்சு, சாரம்மாளுக்கும் எடுத்தாச்சு, அவ இந்தத் தடவை ரெண்டாவது வரிசையில உக்காருவா. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு பெருமாள்ராஜ் காலையில அஞ்சு மணி பஸ்ஸுக்கு பாளையங்கோட்டைக்கு வந்து என் நாற்காலியில உக்காருவான். அவன் வீட்டு ரெண்டு மாட்டுக்கும் பொங்கல் வைக்குத வேலைய அவன் பொண்டாட்டி பாத்துக்கிடுவா. அவனுக்கும் எனக்கும் ஆறு மணி போன் திரும்ப ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இது எதையும் சார்கிட்ட நான் சொல்லல. சொன்னா அதையும் ரிப்போர்ட்டுல எழுதிருவாரு.